வண்டிக்கு ஏற்ற டேங்க்: கொழிஞ்சாம்பாறைப் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு. ஊருக்குள் பெரும்பாலும் தமிழ்தான் பேச்சு. டிங்கரிங் வேலையாக ஆரம்பித்தது, இப்போது பைக்குக்குப் பெட்ரோல் டேங்க் கையால் அடித்துக் கொடுப்பதில் வந்து நிற்கிறது. கோயம்புத்தூர், பொள்ளாச்சி, சித்தூர், பாலக்காடு என்று எங்கிருந்து போன் வந்தாலும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. வேலைக்கு நடுவே கிரைண்டரை நிறுத்திவிட்டுச் சொல்வதில் பாதி விட்டுப்போகிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

ரெடிமேட் டேங்க் கிடைக்கும்போது கையால் அடிப்பது எதற்கு?

ரெடிமேட் டேங்க் உங்கள் வண்டியில் சரியாக உட்கார்ந்தால் அதையே போடுங்கள். செலவும் குறைவு, நாளும் மிச்சம். கோயம்புத்தூர் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடினால் எஸ்டி, ராஜ்தூத், பழைய புல்லட் டேங்க் என்று நல்ல தகட்டில் செய்தவை இன்னும் அகப்படும். அடிப்பக்கத்தை மட்டும் வெட்டி உங்கள் சேசிஸுக்கு ஏற்ப மாற்றினாலே பலருக்கு வேலை முடிந்துவிடும்.

ஆனால் ஒரு டேங்க் இன்னொரு வண்டிக்காக வரையப்பட்டது. அந்த வண்டியின் சேசிஸ் குழாய் எந்தச் சரிவில் போகிறதோ அதை ஒட்டித்தான் அதன் அடிக்கோடு போகும். அதைத் தூக்கி உங்கள் வண்டியில் வைத்தால், மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் சீட்டுக்கு முன்னால் ஒரு பள்ளம் விழும். அந்த இடத்தில்தான் கையால் அடிக்கும் வேலை தொடங்குகிறது.

டேங்க்கின் வடிவத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது?

வண்டியை நிறுத்துவதிலிருந்து. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. படம் காட்டி, "இதே மாதிரி வேண்டும் அண்ணா" என்பார்கள். படத்தில் உள்ள வண்டியின் சக்கரம் வேறு, நீளம் வேறு, ஓட்டுபவரின் உயரம் வேறு.

இரண்டு டயரிலும் சரியான காற்று இருக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போடக் கூடாது. போட்டால் பின்பக்கம் தூக்கி, கோடு எல்லாம் பொய்யாகிவிடும். இரண்டு சக்கரமும் தரையில் இருக்க, யாராவது பின்னால் நின்று நேராகப் பிடிக்க, ஓட்டப்போகிறவர் மேலே உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் சாக்கப்சர் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். வண்டி சாலையில் போவது அந்த உயரத்தில்தான்.

அப்புறம் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, பதினைந்து இருபது அடி தள்ளிப் போய்க் குந்தி உட்கார்ந்து பாருங்கள். கண் டேங்க் உயரத்துக்கு வர வேண்டும். நின்றபடி பார்த்தால் டேங்க்கின் முதுகுதான் தெரியும், கோடு தெரியாது. போட்டோ எடுப்பதென்றாலும் தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுங்கள். பக்கத்தில் நின்று எடுத்தால் நடுப்பகுதி உப்பிப் பெரிதாகத் தெரியும். அதை நம்பி டேங்க்கைச் சிறிதாக்கினால் நேரில் ஒல்லியாக நிற்கும்.

முதலில் பார்க்க வேண்டியது டேங்க்கின் அடிக்கோடு. அது சீட்டின் அடிக்கோட்டோடு சேர்ந்து ஒரே நேர்கோடாகப் போகிறதா? தரைக்கு இணையாக, அல்லது பின்பக்கம் ஒரு துளி இறங்கிப் போனால் வண்டி அமைதியாகத் தெரியும். பின்பக்கம் தூக்கினால் பாயப்போகிறது போல இருக்கும். இரண்டில் எது வேண்டுமானாலும் உங்கள் விருப்பம். டேங்க்கின் கோடு ஒரு பக்கமும் சீட்டின் கோடு இன்னொரு பக்கமும் இழுப்பதுதான் கண்ணை உறுத்தும். நிறைய வண்டிகளில் "ஏதோ சரியில்லை" என்று தோன்றுவதற்குக் காரணம் அந்த ஒடிவுதான்.

ஒரு ஆர்.எக்ஸ். 100 வந்தது. 1985 முதல் 1996 வரை வந்த வண்டி அது, இன்றும் இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு உயிர். வந்தவருக்கு அகலமான, உருண்ட டேங்க் வேண்டும். அட்டையில் செய்து வைத்தோம். பக்கவாட்டில் பார்த்தால் அழகு. முன்னால் போய் நின்றேன்: இஞ்சினின் இரண்டு பக்கமும் தாண்டி டேங்க் துருத்திக்கொண்டிருந்தது, கீழே சின்ன இஞ்சின் காணாமலே போய்விட்டது. அட்டையைப் பக்கத்துக்கு இரண்டு விரல் குறைத்தோம். அவ்வளவுதான், இஞ்சின் திரும்பி வந்தது. அட்டையில் பத்து நிமிட வேலை. தகட்டில் அதே தவறு என்றால் பத்து நாள்.

விகிதத்துக்கு ஏதாவது கணக்கு உண்டா?

கண்தான் கடைசி நீதிபதி. ஆனாலும் நான் முதலில் எடுக்கும் அளவு ஒன்று உண்டு. முன் டயரின் பின் விளிம்புக்கும் பின் டயரின் முன் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பேன். பழைய புல்லட்டில் அச்சுக்கு அச்சு 1370 மி.மீ.; சக்கரம் டயரோடு ஏறத்தாழ 650. கழித்தால் நடுவில் 720. அதாவது ஒரு முழுச் சக்கரத்தைவிடச் சற்றுப் பெரிய இடம். ஆர்.எக்ஸ். 100-இல் அச்சுக்கு அச்சு 1240, சக்கரம் 600-க்குப் பக்கம், நடுவில் 640. இரண்டு வண்டியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஆனால் இரண்டிலும் நடு இடம் ஒரு சக்கரத்தைவிடச் சிறிதே கூடுதல்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின் ஃபோர்க்கை நீட்டியோ, பெரிய ரிம் போட்டோ வருகிறவர்கள் இந்தக் கணக்கைக் குலைத்துவிட்டுத்தான் டேங்க் கேட்கிறார்கள். நடு இடம் நீண்டுவிட்டால் சின்ன டேங்க் அனாதையாக மிதக்கும். டயர் தடித்து நடு இடம் சுருங்கிவிட்டால் பெரிய டேங்க் மூச்சு முட்ட வைக்கும். டேங்க்கின் நீளமும் சீட்டின் நீளமும் சமமாக இருப்பதும் எனக்குப் பிடிப்பதில்லை. இரண்டு துண்டு ரொட்டியை ஒட்டி வைத்தது போல இருக்கும். ஏதாவது ஒன்று நீண்டிருக்கட்டும்.

டேங்க்கின் உச்சி எங்கே வருகிறது என்பதும் முக்கியம். உச்சி முன்பக்கம் இருந்தால் வண்டி திமில் உள்ள காளை மாதிரி தோள் தூக்கி நிற்கும். நடுவில் இருந்தால் சாது. பின்பக்கம் இருந்தால் ஓட்டுபவர் பிரேக் பிடிக்கும்போது அதில் போய் மோதுவார். அதனால் பின் உச்சி நான் செய்வதில்லை.

எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று முன்கூட்டியே தெரியுமா?

தெரியும். அட்டை மாதிரியை ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டாகப் பிரித்து, ஒவ்வொரு வெட்டையும் கிராஃப் தாளில் வரைந்து, சதுரங்களை எண்ணுங்கள். வந்த சதுர சென்டிமீட்டரை ஐந்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர்.

எல்லோரும் மறப்பது நடுவில் சேசிஸ் குழாய் போகும் சுரங்கம். எட்டு செ.மீ. அகலம், ஒன்பது செ.மீ. உயரம், ஐம்பது செ.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால் 3600 கன செ.மீ. மூன்றரை லிட்டருக்கு மேல் அதுவே சாப்பிட்டுவிடும். வெளியிலிருந்து பதினைந்து லிட்டர் போலத் தெரியும் டேங்க், பதினொன்றுதான் பிடிக்கும்.

வாய் வரை நிரப்பும் அளவை வைத்தும் கணக்குப் போடாதீர்கள். பெட்ரோல் சூட்டில் விரியும். பன்னிரண்டு லிட்டர் பெட்ரோல் இருபது டிகிரி சூடேறினால் கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பெருகும். காலையில் பங்க்கில் நிரப்பி மத்தியானம் பாலக்காட்டு வெயிலில் நிறுத்தினால் அது எங்கே போகும்? அதனால்தான் மூடியின் கழுத்தை டேங்க்குக்குள் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன். கழுத்து முட்டியதும் பெட்ரோல் ஏறாது, மேலே காற்றுக்கு இடம் தானாக நின்றுவிடும்.

டேங்க்கை மாற்றினால் ஓட்டுவதில் வித்தியாசம் வருமா?

வரும். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ. பன்னிரண்டு லிட்டர் என்றால் ஒன்பது கிலோ, அதுவும் வண்டியின் மிக உயரமான இடத்தில். உயரமான டேங்க் நிறைந்திருக்கும்போது, மெதுவாகத் திரும்புகையில் வண்டி சாய ஆசைப்படுவது கைக்குத் தெரியும். அதே கொள்ளளவைத் தாழ்வாக, இரண்டு பக்கமும் இறக்கிச் செய்தால் அந்த உணர்வு குறையும்.

பெரிய வித்தியாசம் எடையைவிட ஆள் உட்காரும் இடத்தால் வருவது. டேங்க் நாலு விரல் நீண்டால் ஆள் நாலு விரல் பின்னால் போகிறார். கை நீள்கிறது, முதுகு வளைகிறது, முன் சக்கரத்தின் மேலுள்ள பாரம் குறைகிறது. நெல்லியாம்பதி ஏற்றத்தில் முன்பக்கம் லேசாகிவிட்டது என்று ஒருவர் திரும்ப வந்தார். டேங்க்கைத் தொடவே இல்லை. சீட்டின் முன் மூக்கை டேங்க்கின் மேல் ஏறுகிற மாதிரி மாற்றி, ஹேண்டில் பாரைக் கொஞ்சம் பின்னால் இழுத்தோம். சரியாகிவிட்டது. முழங்கால் படும் குழிவும் இதே கணக்குதான். அழகுக்கு என்று நினைக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது உடம்பைத் தாங்குவது அந்தக் குழிவு.

எந்தத் தகடு? எத்தனை கேஜ்?

சி.ஆர். ஷீட், அதாவது சூடாக்காமல் உருட்டிய பூச்சில்லாத இரும்புத் தகடு. 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. கை பழகியவர் 20 கேஜில், 0.9 மி.மீ.-இல் செய்யலாம். சதுர மீட்டருக்கு முதலாவது 9.4 கிலோ, இரண்டாவது 7 கிலோ. ஒரு டேங்க்குக்கு அரைச் சதுர மீட்டர் அளவில் போகும், ஆகவே வித்தியாசம் ஒரு கிலோ சொச்சம். முதல் டேங்க் செய்பவர் அந்த ஒரு கிலோவுக்காக மெல்லிய தகட்டுக்குப் போக வேண்டாம். அடிக்க அடிக்கத் தகடு மெலியும், வெல்டிங்கில் ஓட்டை விழும்.

ஜி.ஐ. ஷீட் துரு பிடிக்காதே என்று கேட்பார்கள். அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும். வேண்டாம்.

அலுமினியம், ஃபைபர்?

அலுமினியம் அருமையான பொருள். இரண்டு மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 5.4 கிலோதான். சூடாக்கினால் வெண்ணெய் மாதிரி வளையும். ஆனால் எத்தனை சூடு என்பதை அதன் நிறம் காட்டாது, சிவக்காமலே உருகி விழுந்துவிடும். பழைய வழி ஒன்று: தகட்டில் துணி சோப்பைத் தேய்த்து நெருப்புக் காட்டினால், சோப்புக் கறுக்கும்போது பதம் வந்துவிட்டது என்று பொருள். வெல்டிங் டிக் (TIG) மிஷினில் மட்டும். அதிர்வில் விரிசல் விடும் பயமும் உண்டு. ஒற்றை சிலிண்டர் புல்லட்டுக்கு நான் இரும்பையே சொல்வேன்.

ஃபைபர் வேண்டாம். இப்போது பங்க்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரண பாலியெஸ்டர் ரெசினில் செய்த டேங்க்கை எத்தனால் மெல்ல இளக்கிவிடும். உள்ளே பிசுபிசுவென்று கரைந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். விபத்தில் உடைந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரும்பு டேங்க் இருக்கட்டும், மேலே ஃபைபரில் உறை போட்டு வடிவம் கொடுக்கிறேன் என்றால் அதில் எனக்கு மறுப்பில்லை.

தட்டையான தகட்டில் அந்த வளைவு எப்படி வருகிறது?

இதைக் கேட்பவர்களைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அட்டை மாதிரி சரியானதும், ஆறு மி.மீ. கம்பியை அதன் முக்கியமான கோடுகள்மேல் வளைத்து ஒரு கூடு செய்வேன். அந்தக் கூட்டின்மேல் செய்தித்தாளைப் போர்த்துங்கள். தாள் எங்கே சுருங்கி மடிகிறதோ, அங்கே தகட்டைச் சுருக்க வேண்டும். எங்கே இழுத்துக் கிழிகிறதோ, அங்கே தகட்டை நீட்ட வேண்டும். எங்கே சும்மா படிகிறதோ, அங்கே வளைத்தால் போதும். தாள் எல்லாவற்றையும் சொல்லிவிடும். மடிப்பு அதிகமான இடத்தில் துண்டை இரண்டாகப் பிரித்துவிடுவேன். எனக்குப் பெரும்பாலும் ஏழு துண்டு வரும்: மேலே இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, முன்னால் ஒன்று, அடியில் ஒன்று, சுரங்கம் ஒன்று.

நீட்டுவதற்கு மணல் மூட்டையும் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியும். கெட்டியான தோல் பையில் காய்ந்த ஆற்று மணல், முக்கால் பங்கு. ஈரம் இருந்தால் கல் மாதிரி ஆகிவிடும். தகட்டை அதன்மேல் சாய்த்துப் பிடித்து, கொட்டாப்புளியால் ஓரத்திலிருந்து வட்டம் வட்டமாக உள்ளே அடித்துக்கொண்டு வர வேண்டும். அண்டா குண்டான் அடிக்கும் பாத்திரக்காரர்களைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான். ஒரே இடத்தில் ஓங்கி அடிப்பதைவிட, பக்கத்துப் பக்கத்தில் நூறு சின்ன அடி நல்லது. ஓரம் அலை அலையாகக் கிளம்பும். அந்த அலையை மடித்து, நுனியைப் பூட்டி, மேலிருந்து அடித்து உள்ளேயே அமுக்கினால் அங்கே தகடு சுருங்கி, தடிக்கும். பயந்து அலையை வெட்டிவிடக் கூடாது.

அடிக்க அடிக்கத் தகடு முறுக்கேறும். கொட்டாப்புளி துள்ளும், சத்தம் கணகணவென்று மாறும். அப்போது கேஸ் தீயில் சிவக்கக் காட்டித் தானாக ஆற விட்டால் மறுபடி இளகும். காது பழகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம், எந்த இடம் இறுகிவிட்டது என்று.

வடிவம் வந்ததும் அடியில் உருண்ட இரும்பு டாலி கொடுத்து, மேலே தட்டைச் சுத்தியால் தட்டித் தட்டி மேடு பள்ளம் எடுக்க வேண்டும். பழைய வேட்டித் துணியைக் கையில் போட்டுத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத மேடு துணிக்கடியில் தெரியும். அப்புறம் தகட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவி, டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தால், விளக்கின் கோடு எங்கே நெளிகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது. இங்கே நேரம் செலவழித்தால் பட்டி வேண்டியதில்லை. பட்டி போட்டு வடிவம் எடுத்த டேங்க்கை நான் வெளியே அனுப்புவதில்லை. இரண்டு வருடத்தில் அதிர்வில் விரிசல் விட்டு அடியில் துரு ஏறும்.

இடதும் வலதும் ஒரே மாதிரி வர என்ன செய்கிறீர்கள்?

இடப்பக்க அட்டையைப் புரட்டி வலப்பக்கத்துக்கு வைக்கிறேன். கண்ணால் பார்த்து இரண்டாவது அட்டை வெட்டுவதில்லை. ஹேண்டில் தலையின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை நூல் கட்டி, டேங்க்கின் முதுகில் அந்த நூலுக்கு நேராகத் தூக்குக்குண்டு விட்டுக் கோடு போடுகிறேன். ஒரு தடவை நூலைச் சேசிஸில் உள்ள போல்ட்டிலிருந்து கட்டிவிட்டேன். அந்தச் சேசிஸ் பழைய விபத்தில் கொஞ்சம் முறுக்கியிருந்தது. டேங்க் ஆறு மி.மீ. வலப்பக்கம் திரும்பி உட்கார்ந்தது. பக்கத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது, ஆனால் சீட்டில் உட்கார்ந்த நொடியில் தெரிந்தது. ஓட்டுபவர் தினமும் பார்ப்பது அங்கிருந்துதான். முதுகுத் தகட்டைப் பிரித்து மறுபடி செய்தேன்.

எந்த வெல்டிங் நல்லது?

கேஸ் வெல்டிங், அல்லது டிக். கேஸில் போட்ட தையல் மிருதுவாக இருக்கும், சுத்தியால் தட்டிச் சமன் செய்யலாம். டிக்கில் சூடு குறைவு, தகடு குறைவாகவே நெளியும். 1.2 மி.மீ. தகட்டுக்கு 45 ஆம்பியர் அளவில் ஆரம்பியுங்கள். மிக் வெல்டிங் வேகம்தான், ஆனால் தையல் கெட்டியாக நிற்கும். கிரைண்டர் வைத்துத் தேய்த்தால் ஊசித் துளை திறந்துகொள்ளும்.

எதில் போட்டாலும் முதலில் ஒரு இஞ்சுக்கு ஒரு டேக், அதாவது தகடு நகராமல் பிடிக்க ஒரு பொட்டு வெல்டிங். பிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டாதீர்கள். இங்கே ஒரு இஞ்சு, அங்கே ஒரு இஞ்சு என்று மாற்றி மாற்றிப் போட்டால் சூடு ஓரிடத்தில் சேராது.

இந்த ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. நாம் இருப்பது பாலக்காட்டுக் கணவாய். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், டிக் வெல்டிங்கில் தையலைக் காற்று படாமல் மூடும் ஆர்கான் வாயு எம்மாத்திரம்? ஒரு ஆடி மாதம் புழுக்கம் தாங்காமல் பட்டறை ஷட்டரைப் பாதி திறந்து வைத்து டிக் வெல்டிங் போட்டேன். தையல் சாம்பல் நிறமாக, பொரி பொரியாக விழுந்தது. தேய்த்தால் சரியாகிவிடும் என்று தேய்த்தேன், பெயின்ட் அடித்துக் கொடுத்தும் விட்டேன். பத்தாவது நாள் முழங்கால் படும் இடத்தில் பெயின்ட் கொப்பளம் கட்டிவிட்டது. விரலால் அழுத்தினால் பெட்ரோல் வாசனை. கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஊசித் துளை. முழு பெயின்ட்டையும் உரித்து, அந்தத் தையலை வெட்டி எடுத்து, என் செலவில் மறுபடி செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து ஷட்டர் மூடாமல் டார்ச்சை எடுப்பதில்லை.

ஓட்டை எப்படிச் சோதிப்பது?

எல்லா வாயையும் அடைத்து, சோப்புத் தண்ணீர் பூசி, சைக்கிள் பம்பால் மெல்லக் காற்று ஏற்றுங்கள். மூன்று பி.எஸ்.ஐ. போதும். பஞ்சர் கடை கம்ப்ரஸரை நேரடியாக வைக்கவே கூடாது. முப்பதுக்கு இருபது செ.மீ. உள்ள ஒரு பக்கத் தகட்டின்மேல் பதினைந்து பி.எஸ்.ஐ. அழுத்தம் வந்தால் அது அறுநூறு கிலோ பாரம். நீங்கள் பத்து நாள் அடித்த வளைவு ஒரு நொடியில் பலூன் ஆகிவிடும், தையல் பிரிந்தால் ஆளுக்கும் அடி.

அப்புறம் இரண்டாவது சோதனை: வெளியே சுண்ணாம்பு பூசிக் காய வைத்து, உள்ளே கொஞ்சம் டீசல் ஊற்றி எல்லாப் பக்கமும் திருப்பி ஒரு இரவு வைக்கிறேன். தண்ணீர் போகாத துளையிலும் டீசல் போகும். வெள்ளைச் சுண்ணாம்பில் கறை தெரிந்தால் அந்த இடம் திறந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய வெல்டிங்குக்குத் திரும்புவதற்கு முன் உள்ளே நன்றாகக் கழுவியாக வேண்டும்.

பழைய டேங்க்கை நானே வீட்டில் வெட்டி வெல்டிங் செய்யலாமா?

தம்பி, இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க் ஆபத்து. காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால் தீப்பொறியில் வெடிக்கும். பன்னிரண்டு லிட்டர் டேங்க்குக்கு 1.4 சதவீதம் என்பது ஏறத்தாழ ஒரு மில்லி பெட்ரோல். இருபது சொட்டு. அது தையல் இடுக்கிலும் துருவுக்கடியிலும் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். "ஆறு மாதமாக வெயிலில் கிடந்தது, வாசனையே இல்லை" என்பது சமாதானம் ஆகாது. சூடு பட்டதும் அது வெளியே வரும்.

நான் செய்வது: பெட்ரோல் திறந்து மூடும் டேப், மூடி எல்லாம் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் சலவைச் சோடா கலந்து நிரப்பி, ஆறும் வரை வைத்துக் கொட்டுவேன். மூன்று முறை. பிறகு வெல்டிங் போடும் இடத்துக்குக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மிச்ச இடத்துக்கு ஆர்கான் விட்டுக்கொண்டே வேலை. கிரைண்டர் வைப்பதற்கும் இதே ஒழுங்குதான். இந்த வசதி இல்லாதவர் வெட்ட வேண்டாம். என்னிடம் என்றில்லை, தெரிந்த யாரிடமாவது கொடுங்கள்.

டேப், மூடி, சுரங்கம் இவற்றில் கவனிக்க வேண்டியது?

டேப் டேங்க்கின் மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்க வேண்டும், அந்த இடம் கார்புரேட்டர் கிண்ணத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சுரங்கத்தின் கூரைக்குக் கீழே பெட்ரோல் இறங்கியதும் இடது, வலது என்று இரண்டு குளமாகப் பிரிந்துவிடும். டேப் இடப்பக்கம் என்றால் வலப்பக்கக் குளம் அப்படியே நிற்கும். வண்டியைச் சாய்த்து மறுபக்கம் ஊற்றிக்கொள்வது பழைய வழி. இரண்டையும் அடியில் ஒரு சின்ன ஹோஸால் இணைத்துவிடுவது நல்ல வழி. மூடியில் காற்றுத் துளை கட்டாயம். அரை மணி ஓடி வண்டி திக்கி நின்று, மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து வண்டி மறுபடி ஓடினால், துளை அடைத்திருக்கிறது. இன்ஜெக்‌ஷன் வண்டியென்றால் பம்ப் உட்காரும் வட்டத்தைப் பழைய டேங்க்கிலிருந்தே முழுதாக வெட்டி எடுத்துப் பொருத்துங்கள். அந்தச் சீல் உட்காரும் பரப்பைக் கையால் செய்ய முயல வேண்டாம்.

ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, டேங்க்குக்கும் கைக்கும் நடுவே கட்டைவிரல் நுழைகிறதா என்று பாருங்கள். வயரும் கேபிளும் போட்ட பிறகு பாருங்கள், அதற்கு முன் பார்த்தால் பிரயோஜனமில்லை.

சேசிஸில் எப்படி உட்கார வைப்பது?

ரப்பரில். முன்னால் இரண்டு ரப்பர் கிண்ணம், பின்னால் ரப்பர் வைத்த ஒரு போல்ட். மூன்று புள்ளி போதும். நான்காவது வைத்தால் சேசிஸின் முறுக்கல் எல்லாம் டேங்க்கில் ஏறும். பிராக்கெட்டை மெல்லிய தகட்டில் நேரடியாக வெல்டிங் செய்யாதீர்கள். உள்ளங்கை அளவு ஒரு தகட்டை முதலில் ஒட்டி, அதன்மேல் பிராக்கெட். சுரங்கத்துக்கும் சேசிஸ் குழாய்க்கும் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள்.

உள்ளே துரு பிடிக்காமல் இருக்க?

ஜூன் மாதம் மழை ஆரம்பித்ததும் காலி டேங்க்கோடு வண்டியை நிறுத்தாதீர்கள். காலி இடத்தில் உள்ள ஈரக்காற்று ராத்திரிக் குளிரில் தண்ணீராக இறங்கும். எத்தனால் அந்தத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். துரு பிடிப்பது அங்கேதான். உள்பூச்சு போடுவதென்றால் எத்தனாலைத் தாங்கும் எபாக்ஸி மட்டும்.

போலீஸ், ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ளதற்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மத்தியச் சட்டம் என்பதால் வாளையாறு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான்.

ஆகவே சேசிஸை வெட்ட நான் ஒத்துக்கொள்வதில்லை. அதன் போல்ட் துளைகளிலேயே புது டேங்க் உட்காருமாறு செய்கிறேன். கம்பெனி டேங்க்கைத் துணி சுற்றிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நிறம் ஆர்.சி.யில் இருக்கிறது, மாற்றினால் பதிவு செய்ய வேண்டும். வேலை தொடங்கும் முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கண்காட்சிக்கு வைக்கும் வண்டி, சாலையில் தினமும் ஓடும் வண்டி இரண்டுக்கும் நான் வேறு வேறு பதில்தான் சொல்வேன்.

எத்தனை நாள் ஆகும்? வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

மூன்று வாரம். அதில் முதல் நான்கு நாள் அட்டையும் கம்பியும்தான், தகட்டைத் தொட மாட்டேன். அந்த நாட்களில் ஒரு தடவையாவது நீங்கள் நேரில் வர வேண்டும். தம்பியையோ நண்பரையோ அனுப்பினால் வேலை ஓடாது, ஏனென்றால் வண்டியில் உட்கார வேண்டியது நீங்கள். எப்போதும் போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு வாருங்கள். பழைய டேங்க், மூடியின் சாவி, நீங்கள் போடப்போகும் சீட்டு மூன்றும் வேண்டும். சீட்டு இன்னும் முடிவாகவில்லை என்றால் அதை முடித்துவிட்டு வாருங்கள், அவசரமில்லை. பெட்ரோலை மட்டும் வடித்துவிட்டு, மூடியைத் திறந்து வைத்துக் கொண்டுவாருங்கள்.